கேப்டன் ட்ரைப்: கோயில்களை ஆவணமாக எடுத்த படைவீரர்

தஞ்சைப் பெரிய கோயிலின் பழைய படம் ஒன்றில் ‘கேப்டன் எல். ட்ரைப், 1858’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். இவர் யார், எவ்வளவு காலம் படமெடுத்தார், இவர் படங்களில் ஏன் ஆட்களே இல்லை? மதுரையில் வளர்ந்து, பல வருடங்களாக இவருடைய படங்களை வைத்துக்கொண்டு அதே இடங்களில் போய் நின்று பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முழுப்பெயர் லின்னேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், கப்பல் கட்டும் ஊரான டெவன்போர்ட்டில் பிறந்தார். 17 வயதில், 1839-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். அதாவது தொழிலால் அவர் ஒரு காலாட்படை அதிகாரி. 1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் புகைப்படக்கலையைக் கற்றுக்கொண்டார். அப்போது அது பிறந்து பத்துப் பன்னிரண்டு வருடமே ஆன கலை. ஊரில் இருந்த துறைமுகத்தையும் கப்பல்களையும் எடுத்துப் பழகினார். 1853-ல் லண்டனில் தொடங்கப்பட்ட புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். 1854-ல் கேமராவோடு பெங்களூர் திரும்பினார்.

அங்கிருந்து 1860 வரை ஏறக்குறைய ஆறு வருடம். அவர் வேலையில் நிலைத்து நிற்பதெல்லாம் இந்தக் காலத்துக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகு 40 வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார், ஆனால் கேமராவுக்கு அவர் வாழ்க்கையில் பெரிய இடம் இல்லாமல் போய்விட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

திரும்பிய அதே வருடம் டிசம்பரில் கர்நாடகத்தின் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். யாரும் பணிக்கவில்லை, சொந்த ஆர்வம்தான். அந்தப் படங்களை 1855-ல் மதராஸில் நடந்த கண்காட்சிக்கு அனுப்பினார், முதல் தரப் பதக்கம் கிடைத்தது. இதே காலத்தில் கம்பெனியின் லண்டன் இயக்குநர்களும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய ஓவியர்களை அமர்த்தினால் செலவும் அதிகம், காலமும் அதிகம், சரியாக இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. புகைப்படத்தைப் பயன்படுத்தலாமே என்பது அவர்கள் யோசனை. ட்ரைப்பின் நல்ல காலம் அங்கே தொடங்கியது.

முதலில் பர்மா. 1852 போரில் பெகு பகுதியைக் கம்பெனி பிடித்துக்கொண்டபின், 1855-ல் ஆர்தர் பேர் தலைமையில் ஒரு தூதுக்குழு பர்மியத் தலைநகரான அமரபுரத்துக்கு மிண்டோன் மன்னரைப் பார்க்கப் போனது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி அதில் ட்ரைப்பைப் புகைப்படக் கலைஞராகச் சேர்த்தார். மழை, நோய், தூதுக்குழுவின் அலைச்சல் எல்லாம் போக அவருக்கு வேலை செய்யக் கிடைத்தது 36 நாள்தான். அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் எடுத்தார். அதில் 120-ஐத் தேர்ந்தெடுத்து, 50 தொகுப்புகளாக பெங்களூரில் அச்செடுத்துக் கொடுத்தார். ஆறாயிரம் பிரிண்ட். ஒவ்வொன்றும் வெயிலில் வைத்துக் கையால் எடுக்க வேண்டியது. அமரபுரத்தில் இருந்த மரத்தாலான மடாலயங்களில் பல பின்னால் அழிந்துவிட்டன. அந்த ஊர் எப்படி இருந்தது என்று பர்மியர்கள் இன்று பார்க்க வேண்டுமென்றால் இந்தப் படங்களுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

இனி நம் ஊர். மதராஸ் மாகாண அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக் கலைஞராக நியமித்தது. 1857 டிசம்பர் நடுவில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். ராயக்கோட்டை, சேலம் மாவட்டக் கோட்டைகள், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு வழியாக 1858 ஏப்ரல் கடைசியில் மதராஸ் வந்து சேர்ந்தார். நாலரை மாதம். ரயில் இந்த ஊர்களை எட்டியிராத காலம், சாமான் எல்லாம் மாட்டு வண்டியில். வடக்கே லக்னோவில் 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின் சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தது. அந்த வருடமே கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் ஆட்சி வந்துவிட்டது. ஆகவே இவை கம்பெனி ஆட்சியின் கடைசி மாதங்களில் எடுத்த படங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வெறிச்சோடிய வீதிகள் வேறு மாதிரி தெரியும்.

அவர் என்ன சாமான் கொண்டுபோனார் என்று தெரிந்தால்தான் படங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும். பெரும்பாலும் மெழுகுக் காகித நெகட்டிவ். பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே 1851 வாக்கில் வெளியிட்ட முறை. நல்ல மெல்லிய காகிதத்தில் தேன்மெழுகை உருக்கி ஊற விடுவார்கள், காகிதம் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பதத்துக்கு வரும். அப்புறம் அயோடைடு கரைசலில் ஊறவைத்துக் காயவைத்து, எடுப்பதற்கு முன் இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து எடுப்பார்கள். இதன் பெரிய வசதி, காகிதத்தை முன்கூட்டியே தயாரித்துக் காயவைத்து எடுத்துப் போகலாம். அப்போது புதிதாக வந்திருந்த ஈரக் கண்ணாடித் தகடு முறையில் பூச்சு காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும், தஞ்சாவூர் பங்குனி வெயிலில் அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மெழுகுக்கும் வெயில் ஆகாது. உருகும், கறை பிடிக்கும். இந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மெழுகையும் கரைசலையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் ட்ரைப் தன் முறையைக் கண்டுபிடித்தார்.

அளவையும் சொல்ல வேண்டும். நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் அப்போது இல்லை. 12 அங்குலம் 15 அங்குலம் படம் வேண்டுமென்றால் நெகட்டிவும் அதே அளவு, அதைத் தாங்கும் கேமராவும் ஒரு சின்னப் பெட்டகம் அளவு. ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதிலின் ஒரு பாதி இதில் இருக்கிறது. தெருவில் நடந்து போகிறவர், கோயில் வாசலில் பூ விற்கிறவர், கொட்டிலில் தலையாட்டும் மாடு, யாரும் அந்தக் காகிதத்தில் பதிய மாட்டார்கள். அசையாமல் நின்றவர்தான் பதிவார். சில படங்களில் அப்படி ஓரிருவர் தூண் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம், தூணின் உயரத்தைக் காட்டுவதற்காக நிறுத்தியது போல. மற்றபடி மதுரையும் ஸ்ரீரங்கமும் ஊரே காலியானது போலத் தெரியும். உண்மையில் அன்றும் கூட்டம் இருந்திருக்கும்.

இன்னொரு பாதி தொழில்நுட்பத்தைச் சேர்ந்ததில்லை என்பது என் கருத்து. அவரை அனுப்பிய அரசு கேட்டது கட்டடங்களை. கல், கோபுரம், மண்டபம், கோட்டை, குளம். அங்கே கும்பிட்டவர்களையும் கூட்டிப் பெருக்கியவர்களையும் யாரும் கேட்கவில்லை. 1857-க்குப் பிந்தைய ஓர் ஆட்சிக்கு, மனிதர்கள் இல்லாத நினைவுச்சின்னங்களாக இந்த ஊர்களைப் பார்ப்பது வசதியாகவும் இருந்திருக்கும். ட்ரைப்பை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் இதை மறந்துவிட்டு அவர் படங்களைப் பார்க்கக்கூடாது.

சரி, தஞ்சாவூர். அங்கே அவர் செய்த வேலைக்கு இணையாக அந்த நூற்றாண்டில் இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. கோபுரம், நந்தி, சுப்பிரமணியர் கோயில் எல்லாம் எடுத்தார், அவை அழகான படங்கள். ஆனால் ஒரு நாள் கேமராவை விமானத்தின் அடிப்பக்கம், அதிட்டானத்துக்கு நேரே திருப்பினார். அங்கே வரி வரியாகக் கல்வெட்டு ஓடுகிறது. ஒரே படத்தில் அடங்காது. ஆகவே சுவருக்கு இணையாகக் கேமராவை நகர்த்தி நகர்த்தி, ஒரே தூரம், ஒரே உயரம், ஒரே வெளிச்சம் வரும்படி பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாக எடுத்தார். 21 பிரிண்ட். அவற்றை வரிசையாக ஒட்டி ஒரே நீளச் சுருளாக்கினார். கிட்டத்தட்ட 19 அடி நீளம்.

இன்று கைபேசியில் பக்கவாட்டில் இழுத்தால் அகலப் படம் வந்துவிடுகிறது. அவர் 21 காகிதத்தில் ஒவ்வொன்றாகத் தயாரித்து, எடுத்து, கழுவி, ஓரம் சேர வைத்துப் பார்த்தார். ஒன்று கெட்டிருந்தால் வரிசை அறுந்துவிடும். எழுத்தின் அளவு ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் மாறினாலும் பயனில்லை. ஒரு நில அளவையாளரின் பொறுமை இதில் இருக்கிறது. அழகான காட்சி தேடுகிற ஒருவர் இந்த வேலையில் கை வைத்திருக்கவே மாட்டார்.

இதில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் விஷயம் ஒன்று. 1858-ல் பெரிய கோயிலைக் கட்டியது ராஜராஜன் என்று பொதுவாக யாரும் சொல்லவில்லை. தலபுராணம் கரிகாலன் என்றது. வேறு பெயர்களும் வழங்கின. 1886-ல் மதராஸ் அரசின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹூல்ஷ் வந்து, படியெடுத்துப் படித்து, அச்சிட்ட பிறகுதான் கட்டியவன் ராஜராஜன் என்பது உறுதியானது. அந்தக் கல்வெட்டில் ராஜராஜனே சொல்கிறான்: நான் கொடுத்தது, அக்கன் (அக்கா) கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று. அப்படி எழுத்தால் நிறைந்த சுவரின் முன்னால்தான், ஹூல்ஷ் வருவதற்கு 28 வருடம் முன்பே, தமிழ்க் கல்வெட்டு படிக்கத் தெரியாத ஒரு படை அதிகாரி கேமரா முக்காலியை நகர்த்திக்கொண்டே போயிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே, ஒரு வரியைக்கூட விட்டுவிடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

தஞ்சை அரண்மனையையும் எடுத்தார். 1855-ல் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. ட்ரைப் போனது அதற்கு இரண்டரை வருடம் கழித்து. அரசு போன அரண்மனை எப்படி நின்றது என்பது அந்தப் படங்களில் இருக்கிறது.

மதுரையைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். திருமலை நாயக்கர் மஹால். இன்று நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கும் வெள்ளைச் சுதைத் தூண்களும் வளைவுகளும் 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் காலத்தில் பழுதுபார்க்கப்பட்டவை. ட்ரைப்பின் படம் அதற்கு முந்தியது. முற்றத்தில் நின்று எடுத்திருக்கிறார். சுதை உதிர்ந்து செங்கல் தெரிகிறது, கூரை விரிசல் விட்டிருக்கிறது, மேலே செடி முளைத்திருக்கிறது. நாயக்கர் கட்டியது எது, பின்னால் பூசியது எது என்று பிரித்துப் பார்க்க நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த சாட்சி இது. மஹாலுக்கு மறுபடி பூச்சு வேலை நடக்கும்போதெல்லாம் அந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்று வேலை நடக்கிற இடத்தில் தொங்க வேண்டும் என்று ஆசைப்படுவேன்.

அப்புறம் மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபம். தெற்குப் பக்க நடையை மேற்கு வாசலிலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு. தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் தரையில் விழும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த நடையில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாத்திரக் கடை, புத்தகக் கடை, வளையல் கடை எல்லாம் இருந்தன. என் சட்டைகள் அங்கேதான் தைக்கப்பட்டன. சின்ன வயதில் அந்தத் தூண்களில் இருக்கும் சிற்பங்களை முழுதாகப் பார்த்ததே இல்லை, துணி தொங்கும். முதன்முதலில் முழுதாகப் பார்த்தது ட்ரைப்பின் படத்தில்தான். கடைகள் இடம் மாறியபின் போய் நின்றேன். தூண்கள் அப்படியே இருந்தன, வெளிச்சம் விழும் கோணமும் ஏறக்குறைய அப்படியே.

விளக்குத்தூணையும் எடுத்திருக்கிறார். கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்ததற்கு நினைவாக வைத்த தூண் அது. இன்று ஜவுளிக் கடைகளுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் நடுவே நிற்கும் அதே தூண், அவர் படத்தில் சுற்றிலும் இடம் விட்டுத் தனியாக நிற்கிறது. வைகையின் குறுக்கே தரைப்பாலம் தெரியும் படமும் உண்டு, இன்றுள்ள ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் 1889-ல்தான் வந்தது.

அவர் படங்களைப் பார்க்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அந்தக் காலத்து வேதிப்பொருளுக்கு நீல வெளிச்சம்தான் நன்றாகத் தெரியும். அதனால் வானம் எப்போதும் வெள்ளையாக வெளுத்துப் போகும், மரத்தின் இலை கரிய திட்டாக விழும், செங்கல்லும் காவிக் கல்லும் இருக்க வேண்டியதைவிடக் கருப்பாக வரும். கோயில் கருகிப் போயிருந்தது என்று நினைத்துவிடக்கூடாது. அடுத்தது, படத்தில் மேகம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். வெளுத்த வானத்தை அவர் அப்படியே விடவில்லை. நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார், சில இடங்களில் இலைகளையும் தொட்டுத் திருத்தினார். கட்டடத்தின் கோட்டில் அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவர் மேல் எனக்குள்ள நம்பிக்கை.

மதராஸ் திரும்பிய கையோடு, 1858 கோடையில், அரசு அருங்காட்சியகத்தில் இருந்த, ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பங்களை எடுத்தார். கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845-ல் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பியவை. அடுத்த வருடமே அவை லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டன, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த மண்ணை விட்டுப் போகும் முன் அவை எந்த நிலையில் இருந்தன என்று காட்டுவது இந்தப் படங்கள்.

சுற்றுப்பயணப் படங்களை ஊர் வாரியாகத் தொகுதிகளாக வெளியிட்டார், இரட்டைப் படமாகப் பார்க்கும் ஸ்டீரியோ தொகுதிகளும் செய்தார். அச்செடுக்கும் கூடம், உதவியாளர்கள், ரசாயனம், விலையுயர்ந்த காகிதம் எல்லாமாகச் செலவு ஏறியது. 1859-ல் சார்லஸ் டிரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். 1857-க்குப் பின் கஜானா காலி. இப்போதைய நிதிநிலைக்கு இது பொருந்தாத பெரிய ஆடம்பரம் என்று சொல்லி வேலையை மூடச் சொல்லிவிட்டார். எடுக்க நினைத்திருந்த எத்தனையோ ஊர்கள் பாக்கி. ட்ரைப் படைப்பணிக்குத் திரும்பினார், பிறகு மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பதவியோடு ஓய்வு பெற்று ஊர் போனார், 1902-ல் டெவன்போர்ட்டிலேயே காலமானார்.

டிரெவெல்யன் கெட்ட நிர்வாகி இல்லை, அவர் கையில் இருந்த கணக்கு அப்படி. ஆனால் எனக்கு இது ஆறாத வருத்தம். இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் சிதம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், தாராசுரம், ராமேஸ்வரம் எல்லாம் அந்த நிலையில் நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கலாம். 1860-களின் இறுதியில் எட்மண்ட் லயன் போன்றவர்கள் வந்து எடுத்தார்கள், நல்ல படங்கள்தான். ஆனால் இடையில் போன வருடங்கள் போனவைதான், ட்ரைப்பின் அந்தப் பிடிவாதமும் அவற்றில் இல்லை.

ஒரு பெயரைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ட்ரைப்பின் தலைமை உதவியாளர் ஒரு தமிழர், சி. அய்யாசாமி. ஆங்கில ஆவணங்களில் அவர் பெயர் ஒரு மாதிரி சிதைந்து எழுதப்பட்டிருக்கும், இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ட்ரைப்பிடம் வேலை கற்றவர், தானே படமெடுக்கும் அளவுக்குத் தேர்ந்தவர். தமிழ்நாட்டுப் புகைப்பட வரலாற்றைப் பேசும்போது நாம் கேப்டனில் ஆரம்பிக்கிறோம், இவரையும் சேர்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

படங்களை எங்கே பார்ப்பது என்றும் கேட்பீர்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் பெரிய தொகுப்புகள் இருக்கின்றன. பல படங்கள் அவற்றின் இணையத் தொகுப்பில் பெரிதாக்கிப் பார்க்கும்படி இருக்கின்றன. 2014, 2015-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று இடங்களிலும் இவருடைய படங்களுக்கென்றே பெரிய கண்காட்சி நடந்தது. தேடும்போது ஒரு சிக்கல் வரும், அவர் காலத்து எழுத்துக்கூட்டல். மதுரை ‘மதுரா’ என்றும், ஸ்ரீரங்கம் ‘செரிங்ஹாம்’ என்றும், புதுக்கோட்டை ‘பூடூகோட்டா’ என்றும், திருவையாறு ‘ட்ரிவாடி’ என்றும், திருமலை நாயக்கர் ‘ட்ரிமுல் நாயக்’ என்றும், விமானம் ‘பிமானம்’ (Bimanum) என்றும் இருக்கும். அந்தக் கடைசி வார்த்தையைப் போட்டுத் தேடினால் 21 துண்டுகளும் ஒட்டிய சுருள் வரும். இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள்.